ஹரிகேன் வரும்போது: வீட்டிலேயே இருப்பதா, கேட்டிக்குப் போவதா, டாலஸுக்கு ஓட்டுவதா?

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஹூஸ்டனுக்குத் தென்கிழக்கே, கிளியர் லேக்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி கராஜுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா துளசித் தொட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பெரில் புயல், ஹரிகேன்களில் காற்று வேகம் குறைந்த வகையான கேட்டகரி 1 ஆக, மறுநாள் விடியற்காலை கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சில நாள் முன்பு வரை அது மெக்சிகோ பக்கம் போய்விடும் என்றுதான் பேச்சு. ஜூலை 4 விடுமுறையில் பாதி ஊர் அதைக் கவனிக்கவே இல்லை. "கேட்டகரி ஒன்றுதானேம்மா, நாகப்பட்டினத்தில் நான் பார்க்காத புயலா? பேசாமல் வீட்டிலேயே இருப்போம்" என்றார் அப்பா. நானும் சரி என்றேன்.

காற்றை வீடு தாங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டு ஓக் மரம் சாய்ந்து எங்கள் வேலியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிழைத்தோம் என்று நினைத்தோம். அந்த முடிவு தப்பு என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. ஊரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. அப்பாவுக்கு இன்சுலின் உண்டு, இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. புதன்கிழமை மத்தியானம் அவர் சோபாவில் சாய்ந்தபடி, கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடம் கழித்துப் பதில் சொன்னார். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

அன்று ராத்திரியே, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டில் அவரைக் கேட்டி அக்கா என்றே சொல்வோம். 50 மைல்தான் தூரம். அந்தத் தெருவில் கரண்ட் வந்துவிட்டிருந்தது. இதையே ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் எங்கள் மனதில் இருந்தது இரண்டே வழிதான்: ஊரைவிட்டே ஓடுவது, அல்லது வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நடுவில் ஒரு வழி இருப்பது தோன்றவே இல்லை.

ஹூஸ்டன், கால்வெஸ்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் வீடுகளுக்காக. பெற்றோர் வருவது பெரும்பாலும் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை. ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே விழுகிறது. நாம் தனியாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை 74 வயது அப்பா வீட்டில் இருக்கும்போது எடுக்க முடியாது.

போன புயல் சொல்லிக்கொடுத்த பாடம்

இந்த ஊருக்கு நான் வந்தது 2007-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த ரீட்டா புயலைப் பற்றி அப்போது எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்திருந்தது. மூன்று வாரம் கழித்து ரீட்டா வருகிறது என்றதும் ஹூஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போக வேண்டிய தேவையே இல்லாத மேட்டுப் பகுதிக்காரர்களும் கிளம்பினார்கள். ஐ-45 நெடுஞ்சாலை அப்படியே உறைந்துபோனது. நாலு மணி நேர டாலஸ் பயணம் 20 மணி நேரத்தைத் தாண்டியது. நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தது, வெயில் கொளுத்தியது. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போன ஒரு பேருந்து டாலஸ் பக்கத்தில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்த வெளியேற்றத்தில் மட்டும் சுமார் 100 உயிர் போனது. புயலோ திசை மாறி, லூயிசியானா எல்லைப் பக்கமாகக் கரையைக் கடந்துவிட்டது.

அதிலிருந்து இந்த ஊர் எடுத்துக்கொண்ட பாடம், "ஓடினால்தான் ஆபத்து" என்பது. 2008 செப்டம்பரில் ஐக் வந்தபோது பலர் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கால்வெஸ்டன் தீவை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு இருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே தங்கினார்கள். ஐக் கரையைக் கடக்கும்போது கேட்டகரி 2. கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் தீவுக்குக் கிழக்கே பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 முதல் 20 அடி வரை ஏறியது. கில்கிறிஸ்ட் என்ற ஊர் இருந்த இடத்தில் உயரமான தூண்களின் மேல் ஒரே ஒரு வீடு தனியாக நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே தங்கியவர்கள் "காற்று பலமானால் கிளம்பலாம்" என்று காத்திருந்தார்கள். புயல் கரையேறியது சனிக்கிழமை அதிகாலை. வெள்ளிக்கிழமை காலையிலேயே கடல் ஏறி, வெளியே போகும் ஒரே சாலையை மூடிவிட்டது. காற்று வருவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது.

2017-இல் ஹார்வி. ஹூஸ்டனை அடையும்போது அதில் ஹரிகேன் காற்றே இல்லை. மழை மட்டும்தான். நாலு நாள் விடாமல் கொட்டியது. போமான்ட் பக்கத்தில் உள்ள நீடர்லாண்டில் பதிவான மழை 60.58 அங்குலம். அந்த முறை ஹூஸ்டன் மேயர் வெளியேறும் உத்தரவே போடவில்லை. லட்சக்கணக்கான வண்டிகள் தெருவில் நிற்கும்போது வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை. ரீட்டாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும்.

அப்புறம் பெரில். கேட்டகரி 1. கடலும் எங்கள் பக்கம் வரவில்லை, வெள்ளமும் இல்லை. இந்த முறை வெயிலும் இருட்டும்.

நாலு புயலும் நாலு விதம். போன புயலில் எது சரியாக இருந்ததோ அதையே அடுத்த புயலுக்கும் செய்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். கேட்டகரி எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்லும். கடல் எவ்வளவு ஏறும், மழை எத்தனை நாள் நிற்காது, கரண்ட் எப்போது வரும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்கள் அமெரிக்காவில் நேரடியாகக் கொன்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால்தான் இறந்தார்கள். அதிலும் பெரும்பகுதி, புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல் ஏற்றத்தால்.

அதனால் எந்த வழியை யோசிப்பதற்கு முன்பும் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் வீட்டுக்குக் கடல் வருமா? இதற்கு அதிகம் ஆராய வேண்டாம். ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியை அஞ்சல் எண் வாரியாக கோஸ்டல், ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜிப் சோன் வரைபடம் என்று தேடினால் கிடைக்கும். இதையும் இன்சூரன்ஸ்காரர்கள் பேசும் வெள்ள வரைபடத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது, எப்போது யார் கிளம்ப வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, மழை வெள்ளத்துக்கும் வீட்டுக் கடனுக்கும். உங்கள் எழுத்தை உத்தரவில் சொன்னால் அதற்கு மேல் விவாதமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். வீட்டிலேயே இருப்பது என்ற வழி உங்களுக்கு அந்தப் புயலில் இல்லை.

டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ

ஐக் வந்தபோது நாங்கள் ஆஸ்டினுக்குப் போனோம். கல்யாணமான புதிது, குழந்தை இல்லை, இரண்டு பெட்டி, ஒரு குக்கர். வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பியதால் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பகுதிக்கு உத்தரவு இருந்தது, போனது சரி. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

தூரம் போவதன் நன்மை என்னவென்றால், புயல் எப்படித் திரும்பினாலும் அங்கே கரண்ட் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும், மளிகைக் கடை திறந்திருக்கும். டயாலிசிஸ், ஆக்ஸிஜன் என்று இயந்திரத்தை நம்பி இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கைக்குழந்தை இருந்தாலும் அப்படித்தான்.

இதில் வரும் சிரமம் பெரும்பாலும் நேரம் சார்ந்தது. எல்லாரும் கிளம்பும் நேரத்துக்கு முன்பே கிளம்பினால் அது பயணம். எல்லாரோடும் சேர்ந்து கிளம்பினால் அது ரீட்டா. புயல் மூன்று நாள் தூரத்தில் இருக்கும்போது, அது வருமா வராதா என்று தெரியாத நிலையில், லீவு சொல்லி ஓட்டலுக்குப் பணம் கட்டித் துணிந்து கிளம்ப வேண்டும். புயல் வராமல் போனால் செலவு வீண். எங்களுக்கு ஐக்கின்போது கடைசியில் ஆயிரம் டாலரைத் தாண்டியது, அது 2008 விலைவாசி. திரும்பி வருவதும் நம் கையில் இல்லை. ஆஸ்டினில் மூன்று இரவு என்று நினைத்துப் போன நாங்கள் பத்தாம் நாள்தான் வந்தோம், ஊரில் கரண்ட் வரவில்லை.

வயதானவர்களை வைத்துக்கொண்டு நீண்ட தூரம் ஓட்டுவது இன்னொரு கவலை. எட்டு மணி நேரம் கார் நகராமல் நிற்கும்போது, நீர் பிரியும் என்று அம்மா தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். நம் அம்மாக்கள் அப்படித்தான். அதைச் சொல்லவும் மாட்டார்கள். தூரம் போவதாக முடிவு செய்தால், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள், பெட்ரோல் டாங்கை ஒருபோதும் பாதிக்குக் கீழே விடாதீர்கள், ஓட்டலை ஐ-45-ஐ விட்டு விலகிய சிறிய ஊரில் எடுங்கள். போகும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் மில்டன் புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையைத்தான் குறி வைத்தது. ஆனால் எதிர்ப்பக்கம், கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் லூசி கவுண்டியில் அது கிளப்பிய சூறாவளிச் சுழல் ஆறு பேரைக் கொன்றது. தூரமாக இருந்தால் மட்டும் போதாது.

வீட்டிலேயே இருப்பது

உத்தரவுப் பகுதியில் வீடு இல்லை, ஹார்வியில் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, வீட்டில் எல்லாரும் திடமாக இருக்கிறார்கள் என்றால் வீட்டிலேயே இருப்பது தப்பில்லை. சொல்லப்போனால் தேவையில்லாதவர்கள் சாலைக்கு வராமல் இருப்பது, கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் உதவி. ரீட்டாவில் நடந்தது அதற்கு நேர்மாறு.

ஆனால் வீட்டிலிருப்பதற்கான தயாரிப்பு என்றால் எல்லாரும் புயல் அடிக்கும் ஆறு மணி நேரத்தைத்தான் நினைக்கிறார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஜன்னல் இல்லாத உள் அறை, ஒரு மெத்தை, செருப்பு, டார்ச், சார்ஜ் ஏற்றிய போன். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் பயனில்லை, பலகை அடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே ஏறினால் மச்சுக்குள் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. கூரையை உடைத்து வெளியே வரக் கோடரி இல்லாமல் அங்கே ஏறாதீர்கள் என்று ஹார்வியின்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கஷ்டம் அதற்கு அடுத்த ஆறு நாள். பெரிலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் அம்மா ஃப்ரீசரில் இருந்த மீனையெல்லாம் எடுத்துக் குழம்பு வைத்துவிட்டார், தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். இரண்டாம் நாள் இட்லி மாவு பொங்கி வழிந்தது. இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். ஐஸ் மேல் நேரடியாகப் பட்டால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டவலால் சுற்றி, ஐஸுக்கு மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஐஸ் வாங்க வரிசை. ஐஸ் இருக்கும் கடை எது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கரண்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் கிடைக்காததால், வாட்டபர்கர் என்ற பர்கர் கடையின் ஆப்பில் எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று பார்த்து ஊரே கரண்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. பசியில் யாரோ ஒரு புத்திசாலி கண்ட வழி அது. எங்களுக்கும் உதவியது.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. அதை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஓட்டுவதும் ஆபத்துதான். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் அப்படியே போய்விடுவார். 2020-இல் லூயிசியானாவைத் தாக்கிய லாரா புயலில் ஜெனரேட்டர் புகை ஒரே வீட்டில் பல உயிரைக் குடித்தது. பெரிலுக்குப் பிறகு ஹூஸ்டனிலும் அந்த விஷப்புகைக்காக ஆஸ்பத்திரி போனவர்கள் நிறைய.

வெயிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2017-இல் இர்மா புயலுக்குப் பின் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில், ஏ.சி. வேலை செய்யாத ஒரு முதியோர் இல்லத்தில் 12 பேர் இறந்தார்கள். புயல் அந்தக் கட்டடத்தை ஒன்றும் செய்யவில்லை. நம் பெற்றோர் "சென்னை வெயிலைப் பார்த்தவர்கள்" என்று நாம் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறோம். சென்னை வீட்டில் காற்று போகும், ஜன்னல் இருக்கும், மொட்டை மாடி இருக்கும். இங்கே வீடு ஏ.சி.யை நம்பிக் கட்டிய பெட்டி. காற்று நின்றால் உள்ளே வேகும். அப்பா சோபாவில் சாய்ந்திருந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு, 70 வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் வீட்டுக்கு "வீட்டிலேயே இருக்கலாம்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

முகாம்

இதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. அகதி முகாம் போல ஒரு கூச்சம். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. ஹார்வியின்போது ஹூஸ்டன் நகர மையத்தில் உள்ள ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு அரங்கில் சுமார் 10,000 பேர் தங்கினார்கள். 5,000 பேருக்குத்தான் முதலில் ஏற்பாடு. யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சத்தம், வெளிச்சம், ஒரே மாதிரி சாப்பாடு எல்லாம் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அவல், கடலை, பேரீச்சம்பழம், ஊறுகாயோடு போவது நல்லது. வண்டி இல்லாதவர்கள், புதிதாக வந்த மாணவர்கள், நடக்க முடியாத பெரியவரோடு தனியாக இருப்பவர்கள் 2-1-1 எண்ணை அழைத்து ஸ்டியர் என்ற மாநிலப் பதிவேட்டில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்கலாம். போக வேறு இடம் இல்லாத ஒருவர், முகாம் பிடிக்காது என்பதற்காகக் கடலோர வீட்டில் தங்கக் கூடாது.

கேட்டி அக்கா வீடு

ஃப்ளோரிடாவில் அதிகாரிகள் ஒவ்வொரு புயலுக்கும் சொல்வது இதுதான்: நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம், பத்து இருபது மைல் உள்ளே போனால் போதும். கடலுக்கு எட்டாத, மழை வெள்ளம் ஏறாத, உறுதியான ஒரு வீடு. எனக்கு இன்று நாலு வழியிலும் இதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சிறந்தது என்று தோன்றுகிறது. கிளம்பும் முடிவைக் கொஞ்சம் தாமதமாக எடுக்கலாம், ஒரு மணி நேரப் பயணம், ஓட்டல் செலவு இல்லை, அடுப்பு இருக்கிறது, பெரியவர்களுக்குப் பேச்சுத் துணை இருக்கிறது, புயல் ஓய்ந்ததும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். புயல் வராமல் போனாலும் நஷ்டம் இல்லை. இரண்டு நாள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம் என்று ஆகும்.

அப்பாவுக்கு இது புது யோசனையாகவே இல்லை. கேட்டி அக்கா வீட்டில் அந்த ராத்திரி, ஏ.சி. காற்றில் நன்றாகத் தூங்கி எழுந்து காபி குடிக்கும்போது சொன்னார். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்துப் புயலில் அவர்கள் ஊரை விட்டு எங்கும் போகவில்லையாம். ஓட்டு வீட்டை விட்டு அரை மைல் நடந்து பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போனார்கள். தாத்தா மாட்டை அவிழ்த்து விட்டார், பாட்டி அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஊரை விட்டுப் போகணும்னு யாருக்கும் தோணலைம்மா. ஓடு பறக்காத இடம் எங்கேன்னுதான் பார்த்தோம்" என்றார். அப்படியானால் பெரில் வரும்போது ஏன் வீட்டிலேயே இருப்போம் என்றீர்கள் என்று கேட்டேன். "அடுத்தவங்க வீட்டுல போய்ச் சிரமம் கொடுக்கணுமேன்னுதான்" என்றார்.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் இதுதான். கேட்கக் கூச்சம். அதனால் வானிலையில் ஒன்றும் இல்லாத ஜூன் மாதத்தில், ஒரு பாட்லக்கில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். "ஹரிகேன் வந்தால் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வரலாமா? உங்கள் பக்கம் பிரச்சினை என்றால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்." இரண்டு பக்கமும் பேசி வைத்தால் யாருக்கும் கடன் இல்லை. போகும்போது விருந்தாளியாகப் போகாமல், அரிசி, பருப்பு, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, கேஸ் சிலிண்டர் அடுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை உண்டு, அதைச் சுலபமாகக் கடக்க முடியாது. உள்ளே இருக்கிறது என்பதற்காக எல்லா வீடும் பத்திரமில்லை. கேட்டிப் பக்கமே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹூஸ்டன் நகரைக் காக்க 1940-களில் கட்டிய அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு அணைகள் இருக்கின்றன. மற்ற நாளில் அங்கே தண்ணீர் இருக்காது, பூங்கா போல இருக்கும். ஹார்வியில் அணைக்குப் பின்னால் தேங்கிய வெள்ளம், அந்தத் தேக்கப் பகுதிக்குள்ளேயே கட்டியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் ஏறியது. தண்ணீரைத் திறந்துவிட்டபோது கீழே பஃபலோ பேயூ என்ற ஓடையின் ஓரத்து வீடுகளிலும் ஏறியது. அதனால் நண்பரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஹார்வியில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? படுக்கும் அறைக்கு மேல் சாயக்கூடிய பெரிய மரம் இருக்கிறதா? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? புயலில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போகலாம். எனவே பத்து மைலில் ஒரு வீடும், சான் அன்டோனியோவிலோ ஆஸ்டினிலோ இன்னொரு வீடும் மனதில் வைத்திருப்பது நல்லது. முதலாவது தண்ணீருக்கும் காற்றுக்கும். இரண்டாவது, புயல் போனபின் வரும் இருட்டுக்கும் வெயிலுக்கும். அந்த இரண்டாவது பயணத்தைச் சாலை காலியான பிறகு நிதானமாகப் போகலாம்.

எப்போது கிளம்புவது

தேசிய ஹரிகேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும். நம் ஊர் நேரப்படி காலை 4, 10, மாலை 4, இரவு 10. அதில் எல்லாரும் பார்ப்பது அந்தக் கூம்பு வடிவப் படத்தை. கூம்பு, புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும்தான் காட்டும். மூன்று முறையில் ஒரு முறை மையம் அதற்கு வெளியேயும் போகும். மழையும் கடல் ஏற்றமும் அந்தக் கோட்டுக்குள் அடங்குவதில்லை. 2022-இல் இயான் தாம்பா பக்கம்தான் போகும் என்று நினைத்திருந்த ஃபோர்ட் மையர்ஸ்காரர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

நான் பார்ப்பது இன்னொரு படம். மணிக்கு 39 மைல் காற்று எந்த இடத்துக்கு எப்போது வந்து சேரும் என்று காட்டும் படம் அது. அந்த நேரத்துக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது, பலகை அடிக்கவும் முடியாது. புயல் கரையைக் கடக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: கடல் ஏற்ற உத்தரவு வந்தால் உடனே. உத்தரவு இல்லை, ஆனால் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் அந்த நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு கேட்டிக்கு. நாங்கள் மட்டும் இருந்தால், கேட்டகரி 1 என்றால் வீட்டிலேயே.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி சொல்லாமல் முடியாது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசு வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். புயல் பெயர் சூட்டியபின் எடுத்துப் பயனில்லை. அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், மூன்றாம் மாடியில் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தாலும் காரை மட்டும் உயரமான பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். ஹார்வியில் வீடு தப்பித்துக் கார் மூழ்கிய மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஓடும் வெள்ளம் ஓரடி இருந்தாலே சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் கராஜ் கதவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீலப் பை தொங்குகிறது. பாஸ்போர்ட், ஐ-797 என்ற குடியேற்ற அனுமதித் தாள், பெற்றோரின் பயணக் காப்பீட்டுத் தாள், ஒரு மாத மாத்திரை, டாக்டர் சீட்டு, கொஞ்சம் ரொக்கம், இன்சுலினுக்கு அந்த எவர்சில்வர் டப்பா. அப்பாவும் அம்மாவும் இந்த முறை ஜூன் முதல் வாரம் வருகிறார்கள். கேட்டி அக்காவிடம் பேசிவிட்டேன். மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர், அடுத்த நாளே கூப்பிட்டு, "அப்பாவுக்கு முட்டி வலி இருக்கே, படி ஏற வேண்டாம், கீழ் அறையைக் கொடுத்துட்டு நாங்க மேலே போயிடறோம்" என்றார்.